ஒரு கதவு எண், பதினாலு கம்ப்யூட்டர்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: ஒரு இணைப்பு இருக்கிறது, அதைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதனால் இந்த முறை பத்தி முழுவதும் நேட்டுக்கு, அதாவது முகவரி மாற்றத்துக்கு. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி தருகிறேன். பெரிய எழுத்து என்று நான் சொல்லும் இடம் தவிர, ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். புள்ளி, கோடு, அடைப்புக்குறி எதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஐயா, தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்கால டியூஷன் நடத்துகிறோம். ஒரு கம்பெனி பழைய கம்ப்யூட்டர் பதினைந்து கொடுத்தது. ஃபைபர் இணைப்பு ஒன்றுதான். அதோடு வந்த பெட்டியின் வைஃபை, ஏழெட்டுப் பேர் உட்கார்ந்தாலே திணறுகிறது. எங்களிடம் படித்த பையன் ஒருவன் ஒரு கம்ப்யூட்டரில் இரண்டாவது லேன் கார்டு போட்டு ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை ஏற்றினான். "இதுவே எல்லாத்துக்கும் நெட்டைப் பிரிச்சுக் கொடுக்கும் அக்கா" என்றான். வேலை கிடைத்துப் பாதியில் ஓசூர் போய்விட்டான். இப்போது அந்த ஒன்றில் மட்டும் நெட் வருகிறது. மீதிப் பதினாலில் வரவில்லை. என்ன செய்வது?
— ஆசிரியை, வியாசர்பாடி

பதில்: அந்தப் பையன் நல்ல வழியைத்தான் பிடித்திருக்கிறான். விட்டுப்போன வேலை அரை மணி நேரத்தது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். நாளைக்கு நின்றுபோனால் யாரையும் கூப்பிடாமல் நீங்களே எழுப்பிவிடலாம்.

நான் வளர்ந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தன வீட்டில். ஏழு குடித்தனம், வாசலில் ஒரே கதவு எண். வாசல் போர்ஷன், மாடிப் போர்ஷன், கிணற்றடிப் போர்ஷன் என்பதெல்லாம் எங்களுக்குள் பேசிக்கொள்வது. தபால்காரருக்கு அதெல்லாம் தெரியாது, கதவு எண் ஒன்றுதான் தெரியும். வாசல் போர்ஷன் பெரியம்மாதான் கடிதங்களை வாங்கி உரியவரிடம் சேர்ப்பார்.

நேட் செய்கிற கம்ப்யூட்டர் அந்தப் பெரியம்மாதான். உள்ளே உங்கள் பதினாலு கம்ப்யூட்டருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரி. இது ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் 'மாடிப் போர்ஷன்' மாதிரி, வெளியில் செல்லாது. 10 என்று தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகிய மூன்றும் உள்ளுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1996இல் ஒதுக்கப்பட்டவை. இணையத்தில் தரவு சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். உள்ளிருந்து ஒரு பொட்டலம் வெளியே கிளம்பும்போது, வாசல் கம்ப்யூட்டர் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டுத் தன் முகவரியை எழுதுகிறது. போர்ட் எண்ணையும், அதாவது எந்தப் பேச்சு என்று காட்டும் எண்ணையும், மாற்றுகிறது. பிறகு தன் நோட்டில் குறித்துக்கொள்கிறது: '52814 என்று வெளியே போனது, உள்ளே 192.168.10.23 உடையது' என்று. பதில் 52814க்கு வந்தால் நோட்டைப் பார்த்து 23க்குக் கொடுக்கிறது. நேட் என்பது மொத்தமும் இந்த நோட்டுதான். இன்று வந்திருக்கும் மற்றக் கேள்விகளுக்கும் விடை இதற்குள்தான் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். ஃபைபர் பெட்டியோடு இணைந்த கார்டின் பெயர் இஎம்0, பிள்ளைகள் பக்கம் உள்ளது இஎம்1 என்று வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் ஆர்இ0 என்று இருக்கலாம். 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று தட்டினால் தெரியும். இஎம்1இலிருந்து ஒரு பதினாறு போர்ட் சுவிட்சுக்குக் கேபிள் போகட்டும், மற்றப் பதினாலும் அந்தச் சுவிட்சில் சேரட்டும். வைஃபை திணறல் இத்தோடு ஒழியும்.

/இடிசி/ஹோஸ்ட்நேம்.இஎம்1 என்ற கோப்பில் ஒரே வரி: 'ஐநெட் 192.168.10.1 255.255.255.0'. இஎம்0வுக்கான கோப்பில் 'ஐநெட் ஆட்டோகான்ஃப்'. இதை அந்தப் பையன் எழுதியிருப்பான், அதனால்தான் அந்த ஒன்றில் நெட் வருகிறது.

அடுத்தது எல்லோரும் மறப்பது. யூனிக்ஸ் வகைக் கம்ப்யூட்டர் ஒன்று, தனக்கு வராத பொட்டலத்தை இயல்பாக அடுத்தவருக்குக் கடத்தாது, கீழே போட்டுவிடும். கடத்தச் சொல்ல வேண்டும். 'சிஸ்சிடிஎல் நெட்.ஐநெட்.ஐபி.ஃபார்வர்டிங்=1' என்று தட்டுங்கள். அதே 'நெட்.ஐநெட்.ஐபி.ஃபார்வர்டிங்=1' வரியை /இடிசி/சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பிலும் எழுதுங்கள். தட்டுவது இப்போதைக்கு, எழுதுவது அடுத்த முறை இயக்கும்போதும் நிலைக்க.

இந்த இரண்டாவதை நான் ஒருமுறை விட்டேன். 2003இல் எங்கள் பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு லினக்ஸில் இதே ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன். எட்டு கம்ப்யூட்டர். ஆறு வாரம் நன்றாக ஓடியது. ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்தது. மறுநாள் பிளஸ் டூ ரிசல்ட். காலையில் கடை வாசலில் பிள்ளைகள் வரிசை, உள்ளே எட்டிலும் நெட் இல்லை. நான் ஆவடியிலிருந்து ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் வரிசை கலைந்து வேறு கடைகளுக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பெண் மட்டும் அம்மாவோடு படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய எண்ணைத் தட்டிப் பார்த்து, பாஸ் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. எழுதாமல் விட்டது ஒரே ஒரு வரி. அன்றிலிருந்து, வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை நானே ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் எந்த இடத்தை விட்டும் கிளம்பியதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இப்போது நேட். ஓபன்பிஎஸ்டியில் இதைச் செய்வது பிஎஃப் என்ற பகுதி. டேனியல் ஹார்ட்மையர் எழுதியது, 2001 கடைசியில் வந்த 3.0 பதிப்பிலிருந்து இருக்கிறது. /இடிசி/பிஎஃப்.கான்ஃப் கோப்பில் பழையதைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, இந்த ஐந்து வரியை மட்டும் எழுதுங்கள்:

செட் ஸ்கிப் ஆன் எல்ஓ
மேட்ச் அவுட் ஆன் இக்ரெஸ் ஐநெட் ஃப்ரம் 192.168.10.0/24 டு எனி நேட்-டு (இக்ரெஸ்)
பிளாக் ஆல்
பாஸ் அவுட் ஐநெட்
பாஸ் இன் ஆன் இஎம்1 ஐநெட்

இரண்டாவது வரிதான் பெரியம்மா. 'இக்ரெஸ்' என்பது வெளியுலகத்துக்குப் போகிற கார்டுக்குத் தானாக அமையும் பெயர். கடைசி இக்ரெஸைச் சுற்றியுள்ள அடைப்புக்குறியில் கவனம் வையுங்கள். வெளி முகவரி மாறினால் புதியதைத் தானே எடுத்துக்கொள் என்று அது சொல்கிறது. அதை விட்டால், விதிகளை ஏற்றிய நேரத்தில் இருந்த முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். முகவரி மாறிய அன்று எல்லாம் நின்றுவிடும்.

பழைய புத்தகங்களில் 'நேட் ஆன் …' என்று தொடங்கும் வேறு நடை இருக்கும். 2010இல் வந்த 4.7 பதிப்போடு அது மாறிவிட்டது. அதைப் பார்த்து எழுதினால் பிழை என்று சொல்லும், குழம்ப வேண்டாம்.

'பிஎஃப்சிடிஎல் -என்எஃப் /இடிசி/பிஎஃப்.கான்ஃப்' என்றால் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் சரி. பிறகு 'என்' எழுத்தை எடுத்துவிட்டு -எஃப் என்று மட்டும் கொடுங்கள், விதிகள் அமலுக்கு வரும்.

பதினாலு கம்ப்யூட்டருக்கும் முகவரி கொடுக்க டிஹெச்சிபிடி என்ற சேவை கூடவே வருகிறது. வாசல் 192.168.10.1, முகவரி 192.168.10.20 முதல் 60 வரை, பெயர் விசாரிக்க 8.8.8.8 என்று அதன் கோப்பில் எழுதி, 'ஆர்சிசிடிஎல் எனேபிள் டிஹெச்சிபிடி' கொடுங்கள். அது இஎம்1 பக்கம் மட்டும் கேட்கட்டும். ஃபைபர் பெட்டி பக்கம் இன்னொருவர் முகவரி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு முக்கியமான விஷயம். உங்கள் ஃபைபர் பெட்டியும் உள்ளே 192.168 வகை முகவரிதான் கொடுக்கும். அது 192.168.1 என்றால் நீங்கள் உள்ளே 192.168.1 வைக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே தெருப் பெயர் இருந்தால், எந்தப் பக்கம் அனுப்புவது என்று வாசல் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதனால்தான் நான் 10 போட்டேன். பெட்டியும் நேட், உங்கள் கம்ப்யூட்டரும் நேட் என்று இரண்டு பெரியம்மா அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பதால் வெளியே போகும் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லையா? ஊகிக்காதீர்கள், பாருங்கள். ஒரு பிள்ளையின் கம்ப்யூட்டரிலிருந்து 8.8.8.8க்குப் பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, வாசல் கம்ப்யூட்டரில் பொட்டலங்களைக் காட்டும் 'டிசிபிடம்ப் -என் -ஐ இஎம்1', இன்னொரு திரையில் 'டிசிபிடம்ப் -என் -ஐ இஎம்0' இரண்டையும் ஓட்டுங்கள். உள்ளே பொட்டலம் வருகிறது, வெளியே ஒன்றும் போகவில்லை என்றால் ஃபார்வர்டிங் இல்லை, அல்லது விதி ஏதோ தடுக்கிறது. வெளியே போகிறது, ஆனால் அனுப்புநர் இன்னும் 192.168.10 என்றே இருக்கிறது என்றால் மேட்ச் வரியில் பிழை. எல்லாம் சரியாக ஓடுகிறது, இணையதளப் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் நேட்டைத் தொடவே வேண்டாம், பெயர் விசாரிக்கும் முகவரியைப் பாருங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் 'பிஎஃப்சிடிஎல் -எஸ்எஸ்' என்று தட்டி, பெரிய பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்த நோட்டு வரி வரியாகத் திரையில் வரும். தன் கம்ப்யூட்டர் எண்ணை அதில் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கிற நேரம் இருக்கிறதே, அதற்காகவே இந்த ஏற்பாட்டைச் செய்யலாம்.

கேள்வி: காசிமேட்டில் போட் இன்ஜின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். லினக்ஸ் பெட்டியில், வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பும் போர்ட் விதி (டிநேட்) எல்லாம் சரியாகப் போட்டாயிற்று. ஃபைபர் பெட்டியிலும் போட்டாயிற்று. வெளியிலிருந்து வரவே மாட்டேன் என்கிறது.
— வியாபாரி, காசிமேடு

பதில்: உங்கள் விதியில் தப்பு இருக்காது. ஃபைபர் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, அதற்கு வெளியிலிருந்து கிடைத்திருக்கும் முகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் விஷயம் முடிந்தது. அந்த வரிசை, இணைப்புக் கம்பெனிகள் தங்களுக்குள் நேட் செய்வதற்கென்று 2012இல் ஒதுக்கப்பட்டது. உங்கள் கடைக்குத் தனிக் கதவு எண்ணே கிடையாது என்று அர்த்தம். பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரு கதவு எண், அதற்குரிய நோட்டு அவர்களிடம். உள்ளேயிருந்து யாரும் முதலில் எழுதாத கடிதத்துக்கு அந்த நோட்டில் வரி இருக்காது. அதனால் வெளியிலிருந்து வருவது அங்கேயே நின்றுவிடும். நீங்கள் கடையில் எத்தனை போர்ட் திருப்பினாலும் அது உங்கள் கை எட்டாத இடம்.

வழி இரண்டு. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி நிலையான முகவரி தருவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால், பொது முகவரி உள்ள ஒரு சின்ன வாடகை சர்வர் எடுத்து, கடை லினக்ஸிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் ஒரு சுரங்கம், அதாவது பூட்டிய தனிவழி, போடுங்கள். கடைதான் முதலில் பேசுகிறது என்பதால் எல்லா நேட்டையும் தாண்டிப் போய்விடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் 5.6 பதிப்பிலிருந்து வயர்கார்டு உள்ளேயே இருக்கிறது. 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் = 25' என்ற வரியைக் கடைப் பக்கம் கட்டாயம் போடுங்கள். வயர்கார்டு பேசுவது யுடிபி என்ற வகையில். யுடிபி பேச்சு கொஞ்ச நேரம் ஓய்ந்தால் நேட் நோட்டிலிருந்து அந்த வரியை அடித்துவிடுவார்கள். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் போனால் வரி உயிரோடு இருக்கும்.

கேமராவின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டீர்களா? போர்ட்டைத் திறப்பதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள். எத்தனையோ கடைகளில் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லே இன்னும் இருக்கிறது. அது எனக்கு நிஜமாகவே கவலை தருகிறது.

கேள்வி: கல்லூரி லேபில் லினக்ஸ் நேட் செய்தேன். பிங் ஒரு ஜன்னலில் ஓடிக்கொண்டே இருந்தது. லினக்ஸில் விதி எழுதும் ஐபிடேபிள்ஸில் மாஸ்கரேட் என்ற நேட் வரியைச் சேர்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அரை மணி நேரம் வரியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பிங்கை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன், உடனே வந்துவிட்டது. ஏன் சார்?
— மாணவர், பெரம்பூர்

பதில்: நல்ல கேள்வி. பலர் 'அப்புறம் தானாகவே சரியாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள், நீங்கள் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸில் நேட் விதிகளை ஒரு பேச்சின் முதல் பொட்டலத்துக்கு மட்டும்தான் பார்ப்பார்கள். அப்போது எடுத்த முடிவு நோட்டில் ஏறிவிடும், அதே பேச்சின் மீதிப் பொட்டலங்கள் விதிப் பக்கமே போகாது. நீங்கள் வரி சேர்ப்பதற்கு முன்பே உங்கள் பிங், 'மாற்ற வேண்டாம்' என்று நோட்டில் ஏறிவிட்டது. விநாடிக்கு ஒன்று போய்க்கொண்டே இருந்ததால் அந்த வரி அழியவும் இல்லை. புது பிங் வேறு அடையாள எண்ணோடு போனது, அதனால் புதுப் பேச்சு, புது முடிவு. 'கான்ட்ராக் -எல்' நோட்டைக் காட்டும், 'கான்ட்ராக் -எஃப்' அழித்துவிடும் (எல், எஃப் இரண்டும் பெரிய எழுத்து). பிஎஃப்பிலும் இதே கதைதான்: விதியை மாற்றி ஏற்றினாலும் பழைய பேச்சுகள் பழைய விதிப்படியே தொடரும்.

ஐபிடேபிள்ஸ் 2001இல் கெர்னல் 2.4ஓடு வந்தது. புதிதாகக் கற்கிறவர் நீங்கள், 2014இலிருந்து கெர்னலில் இருக்கும் என்எஃப்டேபிள்ஸையும் எழுதிப் பழகுங்கள்.

கேள்வி: திருவொற்றியூர் தேரடி பக்கம் எங்கள் ஆபீஸ். யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணையும் பிபிபிஓஇ லைன், அதை லினக்ஸ் பெட்டியே நேரடியாகப் போடுகிறது. அந்தப் பெட்டியில் எல்லாத் தளமும் திறக்கிறது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களில் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. பிங் போகிறது.
— அலுவலக ஊழியர், திருவொற்றியூர்

பதில்: ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் உயரக் கட்டை போட்டிருப்பார்களே, அந்த மாதிரிச் சிக்கல் இது. சாதாரண லேனில் ஒரு பொட்டலம் 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஇ தன் பங்குக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிச்சம் 1492. லினக்ஸ் பெட்டிக்குத் தன் லைனின் உயரம் தெரியும். உள்ளே இருப்பவற்றுக்குத் தெரியாது, 1500 என்றே பேசும். பெரிய பொட்டலம் கட்டையில் இடித்தால், 'சின்னதாக்கி அனுப்பு' என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி என்ற வகையில் ஒரு பிழைச் செய்தி போக வேண்டும். சில தளங்கள் அந்தச் செய்தியையே தடுத்து வைத்திருக்கின்றன. அதனால் பெரியவை திரும்பத் திரும்ப வந்து இடித்துக்கொண்டே இருக்கும், சின்ன பிங் மட்டும் நிம்மதியாகப் போய் வரும்.

மருந்து: பேச்சு தொடங்கும்போதே அளவைக் குறைத்துச் சொல்ல வைப்பது. ஐபிடேபிள்ஸில் ஃபார்வர்டு வழியில் டிசிபிஎம்எஸ்எஸ் என்ற இலக்கும் (இரண்டு பெயரும் பெரிய எழுத்தில்), 'கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியு' என்ற தேர்வும் இருக்கின்றன. 1492இல் தலைப்புகளுக்கு 40 போனால் 1452. அதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஓபன்பிஎஸ்டி என்றால் 'ஸ்க்ரப் (மேக்ஸ்-எம்எஸ்எஸ் 1440)' என்று ஒரு மேட்ச் வரி. ஐசிஎம்பி முழுவதையும் தடுக்கும் விதி உங்கள் பெட்டியில் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நீங்களும் யாருக்கோ இதே கஷ்டத்தைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: நேட் இருந்தாலே வெளியிலிருந்து யாரும் வர முடியாது, அதனால் ஃபயர்வால் தேவையில்லை என்கிறார் நண்பர். சரியா?
— வாசகர், கொடுங்கையூர்

பதில்: சரியில்லை. நேட் பூட்டு அல்ல, நோட்டு. வெளிப்பக்கத்தில் உங்களோடு ஒரே கேபிளில் இருக்கும் ஒருவர், உங்கள் பெட்டியை வாசலாக வைத்து 192.168.10.23க்கு நேராகப் பொட்டலம் அனுப்பினால் என்ன ஆகும்? ஃபார்வர்டிங் திறந்திருக்கிறது, தடுக்கும் விதி இல்லை என்றால் பெட்டி அதை மரியாதையாக உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். வியாசர்பாடி ஆசிரியைக்குக் கொடுத்த விதிகளில் 'பிளாக் ஆல்' இருப்பது அதற்காகத்தான்.

நேட் வந்ததே பாதுகாப்புக்காக அல்ல, முகவரிப் பஞ்சத்துக்காக. பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் 1994இலேயே எழுதியதுதான் நேட். உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிட்டு முடித்துவிட்டார்கள். புதிய முகவரி முறையான ஐபிவி6இல் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சொந்தக் கதவு எண் உண்டு, பெரியம்மா தேவையில்லை. அப்போது நேட்டைப் பூட்டு என்று நம்பிய வீடுகளில் கதவே இருக்காது. அதனால் தடுக்கும் விதியை இப்போதே எழுதிப் பழகச் சொல்லுங்கள் உங்கள் நண்பரை.

கேள்வி: வாசல் கம்ப்யூட்டருக்கு எந்த அளவு மெஷின் வேண்டும்? எங்கே வைப்பது?
— வாசகி, எண்ணூர்

பதில்: பத்துப் பதினைந்து பேருக்கு, பத்து வருடப் பழைய டெஸ்க்டாப்பும் ஒரு ஜிபி ரேமும் தாராளம். இரண்டாவது லேன் கார்டு ரிச்சி தெருவில் பழையதாகவே கிடைக்கும், இன்டெல் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தரையில் மட்டும் வைக்காதீர்கள். 2015இலும் 2023 டிசம்பரிலும் நம் பக்கம் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரணில் வையுங்கள், காற்றோட்டத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் விடுங்கள். எண்ணூர் உப்புக் காற்றில் லேன் பின்கள் பச்சை பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபிளைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள், பச்சை தெரிந்தால் புது முனை அடித்துவிடுங்கள். சின்ன யுபிஎஸ் ஒன்றும் வேண்டும், ஃபைபர் பெட்டியையும் சுவிட்சையும் அதிலேயே சேர்த்துச் செருகுங்கள்.